பலாங்கொடையின் கறுப்புக் கல்லை அளந்தவர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

செட்டியார் தெருவில் நகை விற்கவோ மாற்றவோ போனவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் கடைக்காரர் உரைகல்லில் நகையைத் தேய்த்து, அமிலம் விட்டுப் பார்த்து, இது இத்தனை கரட் என்பார். இப்போது சில இடங்களில் நகையை ஒரு சிறிய பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பொன் இத்தனை வீதம், செம்பு இத்தனை, வெள்ளி இத்தனை என்று திரையில் வந்துவிடுகிறது. நகையில் ஒரு கீறலும் விழுவதில்லை. பெட்டிக்குள் நடப்பது கதிரின் வேலை. எக்ஸ் கதிர் நகையில் படுகிறது. நகையிலுள்ள ஒவ்வொரு மூலகமும் தனக்கென்று உள்ள சக்தியில் ஒரு கதிரைத் திருப்பி அனுப்புகிறது. அந்தச் சக்தியைப் பார்த்து இது பொன், இது செம்பு என்று பெட்டி பிரித்துச் சொல்கிறது.

உலகத்தின் சுரங்கங்களில் தாதுக்களுக்கும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஒரு பாறையை உடைத்து உருக்கிச் செலவழிப்பதற்கு முன்பே, அதில் பெறுமதியான பொருள் எவ்வளவு என்று கதிரை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். இந்தக் கலையின் ஆரம்ப வரலாற்றில் நம் இலங்கைக்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது. அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தது சப்ரகமுவவில் கிடைத்த ஒரு கறுப்புக் கல். அதைப் பற்றி முதலில் எழுதியவர் கொள்ளுப்பிட்டியில் பிறந்த ஒருவர்.

கல்லை அளப்பது நமக்குப் புதிய விஷயம் அல்ல. பதினோராம் நூற்றாண்டில் அல்-பிரூனி இரத்தினக் கற்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஒரு கூம்பு வடிவப் பாத்திரத்தில் நீரை நிரப்பி, கல்லை உள்ளே இட்டு, வெளியேறும் நீரை நிறுத்தார். ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு சிவப்புக் கற்களைப் பாரத்தை வைத்துப் பிரித்துக் காட்டினார். 1344இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தபோது ஆரியச் சக்கரவர்த்தியிடம் மாணிக்கத்தால் ஆன ஒரு கிண்ணத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அந்தக் காலத்திலிருந்து நேற்று வரை, பேருவளையிலும் இரத்தினபுரியிலும் நம் வியாபாரிகள் நம்பியது கண்ணையும் கையையும் தராசையும்தான். கல்லுக்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒன்று வெளியே வருகிறது, அதையும் அளக்கலாம் என்பது 1896இல்தான் தெரிய வந்தது.

அந்த வருடம் பிரான்சில் ஹென்றி பெக்கரல், யுரேனியம் சேர்ந்த உப்பு இருட்டிலேயே ஒளிப்படத் தகட்டைக் கறுக்க வைப்பதைக் கண்டார். 1898இல் மேரி கியூரி இன்னும் ஒரு படி போனார். அவர் பிச்பிளெண்ட் என்ற தாதுவின் கதிரை ஒரு மின்மானியால் அளந்தார். அதிலுள்ள யுரேனியத்துக்கு எவ்வளவு கதிர் வரவேண்டுமோ அதைவிட அதிகமாக வந்தது. அப்படியென்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது! அந்தச் சந்தேகத்திலிருந்துதான் பொலோனியமும் ரேடியமும் கிடைத்தன. யோசித்துப் பாருங்கள், ஒரு தாதுவுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கதிரை அளந்து கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. தோரியமும் கதிர் வீசுகிறது என்பதும் அதே வருடம் தெரிந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

கொழும்பில் கலாபவனம் இருக்கும் வீதிக்கு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று பெயர். மூத்தவர்கள் இன்னும் கிறீன் பாத் என்றுதான் சொல்வார்கள். பெயருக்குரியவரைப் பற்றிக் கேட்டால் கலை அறிஞர், நடராஜர் சிலையைப் பற்றி எழுதியவர் என்பார்கள். சரிதான். ஆனால் அவர் படித்துப் பட்டம் பெற்றது கலையில் அல்ல, புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும்.

1877 ஓகஸ்ட் 22இல் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயப் பெண்மணி. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவருக்கு மச்சான் முறை. இரண்டு வயது ஆகும்போதே தந்தை காலமானார். பிள்ளை தாயோடு இங்கிலாந்தில் வளர்ந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1900இல் பட்டம் பெற்று இலங்கைக்குத் திரும்பினார். 1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவைக்கு முதல் பணிப்பாளர் ஆனபோது அவருக்கு வயது 26கூட நிறையவில்லை. இன்று நாம் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம் என்று அறியும் நிறுவனத்தின் வேர் அதுதான்.

மலைநாட்டுக் கிராமங்களை எல்லாம் சுற்றி அவர் பாறைகளைப் பார்த்தார். அவரும் ஜி. டி. பிரயர் என்பவரும் சேர்ந்து விவரித்த ஒரு புதிய கனியத்துக்கு, அரபிகள் நம் தீவை அழைத்த 'ஸெரந்தீப்' என்ற பெயரிலிருந்து சேரண்டிபைற் என்று பெயர் வைத்தார்கள். நம் தீவின் பழைய அரபுப் பெயர் இன்றும் உலகத்தின் கனியப் பட்டியலில் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பலாங்கொடைப் பக்கத்தில் இரத்தினக்கல் எடுப்பவர்கள் இல்லம் மண்ணைக் கூடையில் போட்டு அலசும்போது, அடியில் பாரமான மணல் தங்கும். நீலமும் புஷ்பராகமும் பொறுக்கியபின் மிச்சத்தை வீசிவிடுவார்கள். அந்த மிச்சத்தில் சின்னச் சின்னக் கறுப்புக் கற்கள் இருந்தன. தாயக்கட்டை போலக் கன வடிவம். தண்ணீரில் உருண்டு மூலைகள் மழுங்கியவை. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய பாரம். 1904இல் குமாரசுவாமி அதை யுரேனினைற் என்று விவரித்தார். கறுப்பு நிறம், கன வடிவம், பாரம் மூன்றும் யுரேனினைற்றோடு ஒத்துப்போயின.

மாதிரிகள் லண்டனில் உள்ள இம்பீரியல் இன்ஸ்ரிரியூட்டுக்குப் போயின. அங்கே விண்டம் டன்ஸ்ரன் என்ற இரசாயனவியலாளர் பகுத்துப் பார்த்தார். அதில் நூற்றுக்கு 70க்கும் மேல் இருந்தது தோரியம் ஒட்சைட்டு. யுரேனியம் கொஞ்சம்தான். உலகத்துக்கே புதிய கனியம் அது. டன்ஸ்ரன் அதற்குத் தோரியனைற் என்று பெயர் வைத்தார்.

இந்தச் செய்திக்கு ஐரோப்பிய வியாபாரிகள் ஏன் துள்ளினார்கள் தெரியுமா? விடை நம் வீட்டுப் பரணில் இருந்தது. பெற்றோமக்ஸ் விளக்கு! கல்யாண வீட்டிலும் கந்தூரியிலும் கோயில் திருவிழாவிலும் பம்ப் அடித்து ஏற்றிய அந்த விளக்கின் மென்டில் இருக்கிறதே, எரிந்தபின் வெள்ளைச் சாம்பல் வலை போலத் தொங்கும், தொட்டால் உதிரும். அந்தச் சாம்பல் ஏறக்குறைய முழுவதும் தோரியம் ஒட்சைட்டு. நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் சீரியம். ஒஸ்ரியாவைச் சேர்ந்த அவுவர் வொன் வெல்ஸ்பாக் கண்டுபிடித்தது அது. மின்சாரம் பரவாத காலத்தில் ஐரோப்பிய நகரங்களின் காஸ் விளக்குகள் எல்லாம் இந்த மென்டிலால் எரிந்தன. தோரியம் எடுக்க அப்போது பயன்பட்ட மொனசைற் மணலில் தோரியம் ஒட்சைட்டு பெரும்பாலும் நூற்றுக்குப் பத்தையும் தாண்டாது. பலாங்கொடைக் கல்லில் 70! தாதுவின் தரம் என்றால் இதுதான். இரத்தினக்கல் எடுத்தவர் வீசிய மிச்சம், அளந்து பார்த்தவருக்குப் பொக்கிஷம் ஆனது.

அதே லண்டனில், குமாரசுவாமி படித்த அதே கல்லூரியில், சேர் வில்லியம் றம்சே இருந்தார். இந்தக் கல்லைச் சூடாக்கினால் அதன் கனவளவைப் போலப் பல மடங்கு ஈலியம் வாயு வெளியே வந்தது. 1904இல் ஆங்கிலம் பழகுவதற்காக ஓட்டோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞர் அவரிடம் வந்து சேர்ந்தார். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து எடுத்த ஒரு உப்பைக் கொடுத்து, இதிலிருந்து ரேடியத்தைப் பிரித்தெடு என்றார் றம்சே. ஹான் பிரித்துக்கொண்டே போனார், ஒவ்வொரு பகுதியின் கதிரையும் அளந்துகொண்டே போனார். ரேடியத்தோடு சேராமல், தோரியத்தைவிட மிக மிக அதிகமாகக் கதிர் வீசும் ஒரு பொருள் மிஞ்சியது. 1905இல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார். இன்று அது தோரியத்தின் ஒரு சமதானி என்று உயர்தர மாணவர்கள் சொல்வார்கள். தொழிற்சாலை வேலைக்குப் போக இருந்த ஹான், அதற்குப் பிறகு கதிர்த்தொழிற்பாட்டிலேயே தங்கிவிட்டார். 1938இல் யுரேனிய அணு பிளக்கிறது என்பதைக் கண்டவரும் இவர்தான். அணுயுகத்துக்குப் போன பாதையில் ஒரு படி சப்ரகமுவ ஆற்று மணலில் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. பூமிக்கு எத்தனை வயது என்ற கேள்விக்கும் நம் கல் பதில் சொல்லப் போனது. யுரேனியம் காலப்போக்கில் ஈயமாக மாறுவதால், கல்லில் எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து வயதைக் கணக்கிடலாம் என்று அமெரிக்கரான போல்ற்வுட் 1907இல் வழி காட்டினார். 1911இல் ஆதர் ஹோம்ஸ் அளந்த கற்களில் மிகப் பழையது இலங்கைக் கல், வயது 160 கோடி ஆண்டு என்றார். பிற்காலத்தில் திருத்தமாக அளந்தபோது நம் தோரியனைற்றுக்கு ஏறக்குறைய 55 கோடி ஆண்டுதான் வந்தது. ஏன் இந்த வித்தியாசம்? தோரியமும் கடைசியில் ஈயமாகவே முடிகிறது என்பது அன்றைய கணக்கில் சேரவில்லை. தோரியம் நிறைந்த நம் கல்லில் அந்தக் கணக்கு பெரிதாகப் பிழைத்தது. கருவி சரியாக இருந்தாலும், எதை அளக்கிறோம் என்று தெரியாவிட்டால் விடை பிழைக்கும்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், மீற்றர் கூட டிக் டிக் என்றால் தாது நல்லதுதானே?"

நல்ல கேள்வி. பதில், இல்லை. சாதாரண கருங்கல்லில் உள்ள பொற்றாசியமும் கதிர் வீசும். யுரேனியமும் வீசும், தோரியமும் வீசும். கைகர் எண்ணியில் எல்லாம் ஒரே டிக் டிக்தான். ஆனால் காமாக் கதிரின் சக்தியை அளந்தால் ஆட்கள் வேறுவேறாகத் தெரிவார்கள். பொற்றாசியம் 1.46 மெகா இலத்திரன்வோல்ற்றில் தெரியும். யுரேனியக் குடும்பம் 1.76இல், தோரியக் குடும்பம் 2.61இல். 1940களின் கடைசியில் சோடியம் அயடைட்டுப் பளிங்கைக் கொண்ட கருவிகள் வந்தபின் இது எளிதானது. அன்று லண்டன் ஆய்வுகூடத்தில் இரசாயனப் பகுப்பாய்வு செய்து சொன்னதை, இன்று அப்படி ஒரு கருவியை அந்தக் கறுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாலே, இது யுரேனியம் அல்ல, பெரும்பாலும் தோரியம் என்று காட்டிவிடும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. அந்தக் காமாக் கதிர் யுரேனியத்திலிருந்து நேராக வருவதல்ல. யுரேனியத்தின் வழியில் பிறந்த பிஸ்மத்திலிருந்து வருகிறது. பேரப்பிள்ளைகளை எண்ணி, பாட்டனார் இருக்கிறார் என்று முடிவு செய்வது போல. பாட்டனார் மழைநீரில் கரைந்து வேறு ஊருக்குப் போயிருக்கலாம், அல்லது நடுவில் பிறக்கும் ரேடன் வாயு பறந்து போயிருக்கலாம். அதனால்தான் எந்தச் சுரங்கத்திலும் கருவியை மட்டும் நம்பாமல், இடைக்கிடை மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் சரிபார்க்கிறார்கள்.

தானாகக் கதிர் வீசாத தாதுக்களுக்கு வேறு வழி. 1913இல் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர் ஒவ்வொரு மூலகத்தின் எக்ஸ் கதிரும் அதன் அணு எண்ணைக் காட்டும் என்று நிறுவினார். இரண்டே வருடத்தில், 27 வயதில், கலிப்பொலிப் போரில் மாண்டார். செட்டியார் தெருப் பெட்டியின் அடிப்படை அவர் கண்டதுதான். சுரங்கத்தில் அதைக் கைத்துப்பாக்கி அளவில் கொண்டு திரிகிறார்கள். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். தடித்த பொன் முலாம் அதை ஏமாற்றலாம், தாதுவின் மேல் படிந்த தூசும் ஏமாற்றலாம். ஆழமாகப் பார்க்க நியூத்திரனைப் பாய்ச்சுவார்கள். நியூத்திரன் பட்ட அணு திருப்பி வீசும் காமாக் கதிர், பட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் டன் கணக்கான தாதுவின் உள்ளடக்கத்தை நிற்காமலே சொல்லிவிடும். இந்த நியூத்திரன் வழியை 1936இல் ஹெவெசியும் ஹில்டே லெவியும் தொடங்கி வைத்தார்கள்.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு?

பேருவளைக்குப் போவோம். கைக்காவலைக் கடற்கரையில் மொனசைற் மணல் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது கடல் அதைக் கொண்டுவந்து மறுபடி சேர்க்கும். இதே மணல் கடலுக்கு அப்பால் கன்னியாகுமரிப் பக்கத்து மணவாளக்குறிச்சியிலும் உண்டு. 1909இல் ஷொம்பேர்க் என்ற ஜெர்மன்காரர், அங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். ஊர் மக்கள் தினமும் மிதித்து நடந்த மணல்! சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியா 1950இல் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கி, மொனசைற்றை அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டது.

திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையை நம்மில் பலருக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே கடற்கரை மணலே கறுப்பு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இல்மனைற், அதோடு சேர்க்கனும் ரூற்றைலும், மொனசைற் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. 1957இல் அரசாங்கம் கனிய மணல் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது. அன்றிலிருந்து இன்று வரை பெரும்பகுதி மூலப்பொருளாகவே கப்பல் ஏறுகிறது. இந்த வியாபாரத்தில் விலை மணலின் நிறையைப் பார்த்து மட்டும் அல்ல, அதிலுள்ள தைத்தேனியத்தின் வீதத்தைப் பார்த்தும் முடிவாகிறது. சேர்க்கனுக்கு இன்னொரு கண்டிப்பும் உண்டு. யுரேனியமும் தோரியமும் சேர்ந்து பத்து இலட்சத்தில் 500 பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது அந்தச் சந்தையில் பரவலாகக் கேட்கும் நிபந்தனை. ஒரு எண் கூடினால் குறைந்தால் கப்பலின் விலையே மாறும். அந்த எண்ணை வாங்குபவர் மட்டும் அளந்து, விற்பவர் தலையாட்டினால் என்ன நடக்கும்? நகைக்கடையில் தராசு யார் கையில் என்று பார்க்கும் நாம், நாட்டின் மணலுக்கும் அதைப் பார்க்க வேண்டாமா?

மன்னார்த் தீவில் கனிய மணல் அகழ்வுக்கு எதிராக மக்கள் குரல் எழுப்பி வருவதை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நிலத்தடி நீர், கடலரிப்பு, மீன்பிடி என்று அவர்களுடைய கவலை நியாயமானது. அந்தப் பேச்சு மேசையில் ஒரு பக்கம் துளையிட்டு அளந்த எண்களோடு உட்காருகிறது. மறுபக்கத்துக்கும் அந்த எண்களை வாசிக்கத் தெரிந்தவர்கள் தேவை. அந்த ஊர்ப் பிள்ளைகளிலேயே அப்படி நாலு பேர் இருந்தால் எவ்வளவு பலம்!

கல் வியாபாரத்தில் உள்ள நம்மவர்களுக்கும் ஒரு சொல். 1953இல் ஏகநாயக்க என்ற இலங்கையர் கண்டெடுத்த பச்சைக் கல்லுக்கு, 1961இல் அவர் பெயராலேயே ஏகனைற் என்று பெயர் வந்தது. அழகான கல், ஆனால் உள்ளே தோரியம். சேகரிப்பவர் கவனமாக வைத்திருக்கலாம், மோதிரத்தில் பதித்து நாள் முழுக்க விரலில் போடுவதற்கு ஏற்றதல்ல. நம் பச்சைச் சேர்க்கன் சிலவற்றில் உள்ளிருந்த யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் வீசிய கதிரால் பளிங்கின் ஒழுங்கே குலைந்துபோயிருக்கும். நல்ல சேர்க்கனின் அடர்த்தி 4.7 அளவில் இருக்க, இவை 4.0 வரை இறங்கும். அல்-பிரூனியின் தண்ணீர்ப் பாத்திரமே அதைக் காட்டிக் கொடுத்துவிடும்!

பயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் சாப்பிட்ட தலைமுறை நன்றாகத்தான் வாழ்ந்தது. ஆனால் மென்டில் தூளை மூச்சில் இழுக்காமல் இருப்பது நல்லது என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்துச் சொல்ல அளவு வேண்டும்.

இந்த அளவைச் செய்யும் அறிவு இப்போது தூரத்தில் இல்லை. 1969ஆம் ஆண்டின் சட்டத்தால் அணுசக்தி அதிகாரசபை வந்தது. 2014இன் சட்டம் அதை இலங்கை அணுசக்திச் சபையாக்கி, ஒழுங்குபடுத்தத் தனியாக ஒரு பேரவையையும் தந்தது. சபை இருப்பது ஒருகொடவத்தையில். கொட்டாஞ்சேனையிலிருந்து முச்சக்கர வண்டியில் போகும் தூரம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணு விஞ்ஞானத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறினால் அதிக தூரம் இல்லை. உயர்தரத்தில் பௌதிகவியல் செய்யும் நம் பிள்ளைகள் வைத்தியம், பொறியியல் இரண்டைத் தவிர மூன்றாவது கதவு இல்லை என்று நினைக்கிறார்கள். பெற்றோரும் அப்படித்தான் நினைக்கிறோம். புவிச்சரிதவியலும் அணு விஞ்ஞானமும் படித்த பிள்ளைக்கு இந்தத் தீவில் செய்ய வேலை நிறைய இருக்கிறது.

குமாரசுவாமி 1906இல் அளவைப் பணியை முடித்துக்கொண்டு கலையின் பக்கம் திரும்பினார். 1917இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நூதனசாலைக்குப் போய், 1947இல் அங்கேயே காலமானார். நம் தோரியனைற்றின் பெயர், தரம், வயது மூன்றையும் வெளியில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். அவர்களிடம் கருவி இருந்தது, நம்மிடம் கல் மட்டும் இருந்தது. இன்று கருவியும் இருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்.

உங்கள் வீட்டில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை இருந்தால் இதை வாசிக்கக் கொடுங்கள். பலாங்கொடை, இரத்தினபுரி, பேருவளைப் பக்கத்து மூத்தவர்கள் அந்தக் கறுப்புக் கல்லை என்ன பெயரில் அழைத்தார்கள் என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க உதவும்.